மறைவு: சுமார் 1991

1

இந்தக் கதை ஒரு துண்டுச் சீட்டிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கற்பனை வளம், அது இது என்று யாராவது பாராட்டித் தொலைப்பீர்கள். நான் தொகுத்து அச்சடித்த எங்கள் குடும்ப வரலாற்றுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் புள்ளிக்கோடு போட்டு ஒரு சீட்டு வைத்திருந்தேன். ‘பிழைகள் கண்ணில் பட்டால் இதில் எழுதி, வெட்டி அனுப்பவும்.’ கீழே என் முகவரியும் தொலைபேசி எண்ணும். மொத்தம் நூற்றைம்பது பிரதி. ஆறு வருடத்தில் ஒரே ஒரு சீட்டைத்தான் ஒருவர் நிரப்பினார். அதுவும் தபாலில் வரவில்லை. நானே போய் எடுத்து வந்தேன்.

நிரப்பியவர், என் புத்தகத்தின்படி, ஏறக்குறைய முப்பது வருடத்துக்கு முன்பே இறந்துபோனவர்.

(இந்த வரியோடு முதல் பகுதியை முடித்தால் எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே வெட்கமாக இருக்கிறது. ஆகவே இந்த அடைப்புக்குறி.)

2

இதற்கு முன் எழுதிக் கிழித்த தொடக்கங்களில் இரண்டு:

‘மழை விட்ட ஒரு மாலை நேரத்தில், கையில் ஒரு பையோடு அந்தப் பெண்…’

மழை பெய்ததா என்று எனக்குத் தெரியாது. பை இருந்ததா என்றும் தெரியாது.

‘ஆராய்ச்சியாளர் ஒருவர் இருந்தார். வயது ஐம்பத்திரண்டு. அவர்…’

‘அவர்’ என்று எழுதினால் பழி அவர் மேல் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். நாலு பக்கம் தாண்டுவதற்குள் அவரை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் நல்ல நல்ல காரணமாகக் கிடைத்துக்கொண்டே இருந்தது. அதையும் கிழித்தேன்.

ஆக, நான்தான். ஒரு மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் இருபத்தெட்டு வருடமாக வேலை பார்ப்பவள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் அழுதுகொண்டு நின்றாலும், மருத்துவரின் கையெழுத்து இல்லாமல் யாரையும் இறந்தவர் என்று எழுத மாட்டேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. விடுமுறை நாட்களில் குடும்ப வரலாறு. பழைய பள்ளிச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், புகைப்படத்தின் பின்பக்க எழுத்து என்று எதையும் விடுவதில்லை. சொந்தத்தில் என் பெயர் சி.ஐ.டி. நான் வருகிறேன் என்று தெரிந்தால் காபிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு பீரோவைப் பூட்டிவிடுவார்கள்.

3

சித்தியை அறிமுகப்படுத்த வேண்டும். இங்கேதான் பேனா மக்கர் செய்கிறது.

அப்பாவின் தம்பி மனைவி. மகளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது வீட்டைவிட்டுப் போனவர். எங்கள் வீட்டில் ‘போனவர்’ என்று சொல்ல மாட்டார்கள், ‘ஓடிப்போனவ’ என்பார்கள். யாரோடு என்று கேட்டால் பதில் இருக்காது. ஒருத்தி தனியாகவும் கிளம்பிப் போகலாம் என்பது அவர்கள் புத்திக்கு எட்டவில்லை.

அடி வாங்கியவராக எழுதினால் நீங்கள் உடனே சித்தி பக்கம் வந்துவிடுவீர்கள். சித்தப்பா அடித்தாரா என்று எனக்குத் தெரியாது. பெற்ற பிள்ளையைத் தவிக்கவிட்டவராக எழுதினால் என் பாவம் கொஞ்சம் குறையும். அதனால்தான் அப்படி எழுதப் பயமாக இருக்கிறது. எனக்குத் தெரிந்த சித்தி இவ்வளவுதான்: ஊசியில் நூல் கோக்கும்போது நாக்கு நுனியைக் கடித்துக்கொள்வார். எனக்கு ஒன்பது வயதில் ஒரு கவுன் தைத்துக் கொடுத்தார். அதில் இரண்டு பை வைத்திருந்தார்.

“பொம்பளப் புள்ளைக்குப் பை எதுக்கு?” என்றார் அம்மா.

“வச்சுக்க ஏதாவது இருக்கும்லக்கா” என்றார் சித்தி.

4

கொலை நடந்த விதம் பின்வருமாறு.

வம்சாவளி வரையக் கணினியில் ஒரு மென்பொருள் வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு கட்டம். இறந்த தேதி இல்லாதவர் எல்லோரும் உயிரோடிருப்பவர் என்று அது எடுத்துக்கொள்ளும். உயிரோடிருப்பவர் சம்மதம் தந்ததாகக் குறி போடாவிட்டால், பெயர், படம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு ஒரு சாம்பல் நிறக் கட்டத்தை மட்டும் அச்சிடும். நல்ல ஏற்பாடுதான். நானும் வீடு வீடாகப் போய்ச் சம்மதக் கையெழுத்து வாங்கினேன். சித்தியிடம் எங்கே போய் வாங்குவது?

ஆனால் சித்தியின் படம் என்னிடம் இருந்தது. எங்கள் வீட்டு ஆல்பங்களில் அந்த முகத்தை எல்லாம் கத்தரித்துவிட்டார்கள். யாரோ ஒருவருடைய அலுவலகப் பிரிவுபசாரப் படத்தின் ஓரத்தில், பாதி மறைந்து நின்ற சித்தியை நான் ஒருத்திதான் கண்டுபிடித்தேன். அதை அச்சில் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. பக்கம் 37-இல் அந்தச் சாம்பல் கட்டம் பல் விழுந்த இடம்போலத் துருத்திக்கொண்டிருந்தது.

சித்தப்பாவிடம் கேட்கப் போனேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“என்னப் பொறுத்தவரைக்கும் அவ செத்து எத்தனையோ வருஷமாச்சு.”

“எத்தனைன்னு சொன்னா எழுதிக்குவேன் சித்தப்பா.”

“நீயே ஏதாவது போட்டுக்கோ.”

போட்டுக்கொண்டேன். மறைவு: சுமார் 1991.* ஆதாரம்: வாய்மொழி, சித்தப்பா, நேரில்.

* எங்கள் பொழுதுபோக்கில் ‘சுமார்’ மிகவும் மரியாதையான சொல். அதை முன்னால் போட்டுவிட்டால் பொய்கூட ஆய்வாகிவிடும். 1991 ஏன் என்று கேட்காதீர்கள். அந்தக் கட்டத்தில் அது அழகாகப் பொருந்தியது.

சம்மதம் தந்ததாகச் சும்மா ஒரு குறி போட்டிருக்கலாமே என்பீர்கள். அதற்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. சிரிக்காதீர்கள். அடுத்தவர் சம்மதத்தை நானே போடுவது தப்பு என்று உண்மையாகவே உறுத்தியது. சாகடித்தது உறுத்தவில்லை. சித்தப்பா கோபத்தில் சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போதே நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். படம் பளிச்சென்று விழுந்தது.

5

சித்தியின் மகளை இனிமேலும் ஒத்திப்போட முடியாது. என்னைவிட எட்டு வயது இளையவள். மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பார்த்து அளவு சொல்பவள். இன்றுவரை எல்லோருக்கும் அவள் குட்டிதான்.

புத்தகம் கொடுப்பதற்காகக் குடும்பம் மொத்தமும் ஒரு வாடகை மண்டபத்தில் கூடியிருந்தது. பெரியப்பா ஒலிபெருக்கியில் என்னை ஆஹா ஓஹோவென்று புகழ்ந்துகொண்டிருந்தார். குட்டி பக்கம் 37-ஐ விரித்துப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அக்கா, இந்த வருஷம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

மெதுவாகத்தான் கேட்டாள். நான் சரியாக இரண்டு விநாடி எடுத்துக்கொண்டேன்.

“விசாரிச்சுதான் போட்டிருக்கேன்.”

“சரிக்கா. நீங்க ஆஸ்பத்திரி ரெக்கார்டே பாக்குறவங்க. நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்.”

[அடித்தது: அவள் கண்ணில் நீர் திரண்டது.]

இல்லை. அவள் அழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு சாப்பிடப் போனாள்.

இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு வந்து ஒரு நீலக் கோப்பைக் கொடுத்தாள். உள்ளே பெண்கள் விடுதிகளின் பட்டியல், அவள் கையெழுத்தில், ஏழு பக்கம். அம்மா எங்கேயோ விடுதியில் தங்கித் தையல் வேலை செய்வதாக எப்போதோ யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு எங்கள் யாருக்கும் தெரியாமல் ஒன்பது வருடம் ஒவ்வொரு விடுதியாகக் கேட்டு வந்திருக்கிறாள். கேட்டு முடித்ததற்கெல்லாம் பக்கத்தில் ஒரு சிறு குறி.

“இனி எனக்கு எதுக்குக்கா இது? உங்க சேகரிப்புல வச்சுக்கோங்க.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாசற்கதவு திறந்துதான் இருந்தது, வேறு யாரும் இல்லை, ஒரு வாய் வார்த்தை. நான் கோப்பை வாங்கி, முதுகில் சீட்டு ஒட்டி, எண் கொடுத்தேன். கோப்பு 14.

6

ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு தொலைபேசி அழைப்பு.

“ஒரு புக்குல இந்த நம்பர் இருந்துச்சு. இங்க ஒருத்தங்க தவறிட்டாங்க. பதினஞ்சு நாளாச்சு. சாமான் கொஞ்சம் இருக்கு. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?”

அந்தக் குரல் சொன்னது சித்தியின் பெயர். எட்டுத் தலைமுறை உறவுமுறையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்பவள் நான். “தூரத்துச் சொந்தம்” என்றேன்.

விடுதி அறையில் இரும்புக் கட்டில், சுவரைப் பார்த்தபடி ஒரு தையல் மிஷின், ஜன்னல் விளிம்பில் பொத்தான் நிறைந்த பிஸ்கட் டப்பா. சீருடை தைக்கும் கூடத்தில் வேலை. கண் மங்கியபிறகு பொத்தான் மட்டும் வைத்துக் கொடுத்தாராம். அலமாரியில் என் புத்தகம், கால்சட்டைத் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தது.

“அது என்ன புக்குன்னு கேட்டா, எங்க வீட்டுப் புக்குன்னு சொல்லுவாங்க” என்றார் விடுதிக்காரம்மா. “வேடிக்கையா பேசுவாங்க. காய்ச்சல்னு படுப்பாங்க, டாக்டர்கிட்டப் போலாம்னா வரமாட்டாங்க. நான் செத்துதான் எத்தனையோ வருஷமாச்சே, எனக்கெதுக்கு மாத்திரைன்னு சிரிப்பாங்க. எங்களுக்கு ஒண்ணும் புரியாது. கடைசிலயும் அதத்தான் சொன்னாங்க.”

எனக்குப் புரிந்தது. 

புத்தகத்தின் முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் பிரதி எண் 88. எல்லாப் பிரதிக்கும் எண் போட்டு, யாருக்குக் கொடுத்தேன் என்று பதிவேடு வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து பார்த்தேன். 88, சித்தப்பா. அவருக்கு முகவரி எப்போதும் தெரிந்தே இருந்திருக்கிறது. பெண்டாட்டிக்கு அவள் சாவைத் தபாலில் அனுப்பிவைத்தாரா, இல்லை, மகள் படம் இருக்கிறது, பார்த்துக்கொள் என்று அனுப்பினாரா? கேட்க முடியாது. சித்தப்பா போய் நாலு வருடமாகிறது. அவர் கட்டத்திலுள்ள தேதிக்கு மருத்துவரின் கையெழுத்து இருக்கிறது.

கோப்பு 14-ஐயும் எடுத்துப் பார்த்தேன். அந்த விடுதி பட்டியலில் இருந்தது. ஐந்தாம் பக்கத்தில். குட்டியின் குறி நாலாம் பக்கத்தோடு நின்றுவிட்டிருந்தது.

இப்போது சீட்டு. புள்ளிக்கோட்டை ஒட்டி நூல் பிசகாமல் கத்தரித்த சீட்டு, தையல்காரியின் கை. புத்தகத்துக்குள்ளேயே கிடந்தது.

பக்கம்: 37.
பிழை: மகள் பிறந்த தேதி 14 இல்லை.
திருத்தம்: 13. சாயங்காலம் ஆறே கால். பதிவு செய்யப் போனவர் மறுநாள் தேதியைக் கொடுத்துவிட்டார். பிறந்ததும் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுதாள்.

அவ்வளவுதான். அதே பக்கத்தில், அந்தத் தேதிக்கு இரண்டு விரற்கடை மேலே, அவர் இறந்துபோயிருந்தார். அதை அவர் திருத்தவில்லை.

7

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், கண்ணாடிக் கடைக்குப் போகிறேன். குட்டி என்னை அந்த உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் ஒவ்வொரு வில்லையாக மாற்றுகிறாள். ‘இப்பத் தெளிவா இருக்கா, முன்னாடி இருந்ததா?’ நான் எல்லாவற்றையும் சொல்கிறேன். ‘பரவாயில்லக்கா, நீங்க வேணும்னு செய்யலியே’ என்கிறாள். இந்த வாக்கியத்தை எழுதுவதற்காகத்தான் மற்ற எல்லா வாக்கியத்தையும் எழுதினேன் என்று தெரிந்ததும் அடித்துவிட்டேன். நான் வேண்டுமென்றுதான் செய்தேன்.

இன்னொன்றில் சீட்டைக் கிழித்துப் போடுகிறேன். அது நம்பும்படியாக இல்லை. பதிவேட்டுக்காரி காகிதத்தைக் கிழிக்க மாட்டாள். ஆளைத்தான்…

மூன்றாவதில் தொலைபேசி ஒரு மாதம் முன்னதாக வருகிறது. குட்டியைக் கூட்டிக்கொண்டு பேருந்தில் போகிறேன். சித்தி பொத்தான் டப்பாவை மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார். பதினொரு பக்கம் எழுதினேன். நான் இதுவரை எழுதியதிலேயே அதுதான் நன்றாக வந்திருக்கிறது. அதை இங்கே சேர்க்க மாட்டேன். அதுவும் ஒரு சுமார்தான்.

8

எனவே நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் பதிப்பு வருகிறது. (ஆமாம். நிறுத்தியிருக்கலாம். பெரியப்பாவின் பேரன் பேத்திகளையெல்லாம் சேர்க்க வேண்டும் என்றார்கள், புகழ்ந்தார்கள், ஒத்துக்கொண்டேன்.) மெய்ப்புத் திருத்த ஆள் வேண்டியிருந்தது. குட்டி தானாகவே வந்தாள், கூர்மையான கண் அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை, என் வீட்டுச் சாப்பாட்டு மேசை. எதிரில் அவள். கையில் பென்சில், பக்கத்தில் ஆறிப்போன காபி. மேசையின் ஓரத்தில் கோப்பு 14. சீட்டு அதற்குள் இருக்கிறது. அவள் வருவதற்கு முன் கோப்பை எடுத்து அலமாரிக்குள் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. சீட்டை வெளியே எடுத்து அவள் முன்னால் போடவும் இல்லை.

பக்கம் 37-இல் குட்டியின் பிறந்த தேதியை மட்டும் 13 என்று மாற்றியிருந்தேன். சித்தியின் கட்டத்தில் கை வைக்கவில்லை. 1991 அப்படியே இருக்கிறது. சித்தி கேட்ட திருத்தம் அது ஒன்றுதானே, அதைச் செய்துவிட்டேனே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். என் யோக்கியதை அவ்வளவுதான்.

34, 35, 36. அவள் ஒவ்வொரு வரியாகப் பென்சில் முனையை நகர்த்திக்கொண்டு வந்தாள். 37-இல் முனை நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

“அக்கா, என் பிறந்த நாளு பதிமூணுன்னு மாத்தியிருக்கீங்க.”

“ம்.”

“சர்டிபிகேட்ல பதினாலுதானே இருக்கு. அப்பாவும் அதத்தான சொல்லிட்டு இருந்தாரு.” ஒரு நிமிடம் அந்த வரியையே பார்த்தாள். “பதிமூணுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

போன முறை எடுத்துக்கொண்ட அதே இரண்டு விநாடியில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்படி ஒரு கேள்விக்கு நான் ஏற்கனவே ஒரு தடவை பதில் சொன்னவள். அதனால் இந்தத் தடவை நீங்கள் சொல்லுங்கள். கோப்பு உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் சீக்கிரம். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.