மூக்கம்மா சொன்னதாக

அந்தப் பதினான்கு படிவங்களையும் வாசுகி ஒரே மத்தியானத்தில், ஊட்டியில் தன் வீட்டுக் கட்டிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிரப்பினாள். எமரால்டு ஊர்ப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில் கீழ் லைன் என்று வரிசையாகப் பதினான்கு தொழிலாளர் வீடுகள். ஓர் ஆராய்ச்சிக்காக வீடு வீடாகப் போய், காட்டெருமையால் தொல்லை உண்டா, வேலி போடலாமா என்று கேட்டு எழுதிவர வேண்டும், அதுதான் அவள் வேலை. மூன்று நாளாக விடாத மழை. மறுநாள் காலையில் கெடு. அவள் பிறந்து பன்னிரண்டு வயதுவரை வளர்ந்ததே அந்த லைனில்தான். 'எங்க ஆளுங்க என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாதா?' என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். படித்த பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. பிறந்த இடத்தைப் பற்றி யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை என்று நினைத்துவிடுவார்கள்.

பதினோராவது படிவம் மூக்கம்மாவுடையது. அதற்குள் கை வலித்தது, சலிப்பும் தட்டியது. கொஞ்சம் அழகாக எழுதினால் என்ன என்று தோன்றியது. 'வேலி வேண்டாங்க. அதுவும் எங்கள மாதிரி போக்கிடம் இல்லாத உசுருதானே' என்று எழுதினாள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள்தான் அந்த லைன் முழுக்க. அவர்கள் வாயில் இந்த வாக்கியம் எடுப்பாக இருந்தது. எழுதியதை இரண்டு தடவை படித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். பிற்பாடு அவளுக்கு மற்ற எதையும்விட அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் அதிகம் கூசியது.

ஆராய்ச்சிக்குத் தலைமை டேராடூனிலிருந்து வந்த ஒரு மேடம். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் நேர்மையான மனுஷி. வேலி போட்டால் காட்டெருமையின் தடம் அறுந்துபோகும் என்பது அவர் கட்சி. வேலி இல்லாவிட்டால் தோட்டத்தில் ஆள் நிற்காது, ஆள் இல்லாவிட்டால் தேயிலையும் இல்லை என்பது கொல்கத்தாவிலிருந்து வந்த பொருளாதாரக்காரரின் கட்சி. வேலிக்குப் பணம் கொடுக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க மும்பை அறக்கட்டளையிலிருந்து மூன்று பேர் வருவதாக இருந்தது. மேடம் அந்த வாக்கியத்தைப் படித்துக் கண் கலங்கிவிட்டார். "அந்த அம்மாவைக் கூட்டி வா" என்றார். "லீவு கிடைக்காதுங்க மேடம்" என்று வாசுகி சொல்லிப் பார்த்தாள். மேடம் எஸ்டேட் மேனேஜருக்கு போன் போட்டு லீவு வாங்கிவிட்டார்.

ஊட்டி விருந்தினர் மாளிகையில் கூட்டம் நடந்தது. அத்தனை பேரில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர், மூக்கம்மாவும் வாசுகியும். மூக்கம்மா நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். மேடம் கையைப் பிடித்து உட்காரவைத்து, மனதில் பட்டதைச் சொல்லச் சொன்னார்.

"கும்பிடறேங்க. எங்க ஊட்டுக்காரர ஆனி மாசத்துல தண்ணி பைப்புகிட்ட காட்டெருமை முட்டித் தூக்கிப் போட்டுருச்சுங்க. நாலு விலா எலும்பு போயிருச்சு. இன்னும் நிமுந்து நடக்க முடியலீங்க. விடியறதுக்கு முன்ன எங்க புள்ளைங்க அந்த வழியாத்தான் தண்ணிக்குப் போகுது. ஒரு வேலி போட்டுக் குடுங்க சாமி."

மூக்கம்மாவின் புருஷன் பாலன் அண்ணனுக்கு இப்படி ஆனதே வாசுகிக்குத் தெரியாது. லைனுக்கு ஒரு நடை போயிருந்தால் முதல் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். மூக்கம்மா சொன்னதை இங்கிலீஷில் கேட்க அறையில் எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் பதினான்கு படிவமும் பொய்யென்று தெரிந்துவிடும், வேலை போய்விடும், மேடம் முகத்தில் முழிக்கவே முடியாது. 'என் கணவரைக்கூட அது ஒருமுறை காயப்படுத்தியது. ஆனாலும் எங்களுக்கு அதன்மேல் கோபமில்லை, வேலி வேண்டாம்' என்று மூக்கம்மா சொல்வதாக இங்கிலீஷில் சொன்னாள். பாலனின் உடைந்த எலும்பையும் எடுத்துத் தன் பொய்க்கு முட்டுக்கொடுத்தாள், பாவி.

எல்லோரும் கை தட்டினார்கள். கொல்கத்தாக்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அவர்களே வேண்டாம் என்னும்போது நான் வாதாடுவதில் அர்த்தமில்லை என்றார். மூக்கம்மா எழுந்து ஒவ்வொருவரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் கண்ணில் தண்ணீர்.

பஸ் ஸ்டாண்டுவரை வாசுகி தலை நிமிரவில்லை. மூக்கம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எமரால்டு பஸ்ஸுக்கு நின்றவர்களிடமெல்லாம், "நம்ம லைன்ல பொறந்த புள்ளதான். நமக்காக எம்புட்டு அழகா இங்கிலீஷ்ல பேசுச்சு தெரியுமா" என்றாள். பிறகு வாசுகியிடம், "வேலி எப்ப போடுவாங்களாம் புள்ள?" என்று கேட்டாள்.

"நீங்க சொன்னத நான் சொல்லலக்கா."

"அப்பறம் எதுக்குக் கை தட்டுனாங்க?"

வாசுகி சொன்னாள். மழையில் வீட்டில் இருந்தபடியே எழுதியது, கேட்காமலே அவள் பேரைப் போட்டது, சற்று முன் அந்த அறையில் செய்தது, ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவளுக்கே தன் குரலைக் கேட்கப் பிடிக்கவில்லை. பஸ் வந்தது, எல்லோரும் ஏறினார்கள், கிளம்பியும் போனது. மூக்கம்மா ஏறவில்லை, திட்டவும் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாசுகிக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"அவங்க இன்னும் அங்கதான இருக்காங்க?" என்று கடைசியில் மூக்கம்மா கேட்டாள்.

"இருக்காங்கக்கா."

"வா, போவோம். அங்க போயி என்ன சொல்லப் போற? மொதல்ல அத எங்கிட்ட சொல்லு. நான் சரின்னா மட்டும்தான் அவங்ககிட்ட சொல்லணும்."

வாசுகி சொல்லிப் பார்த்தாள். "மூக்கம்மாவுக்கு வேலி வேணும்னு..."

"நிறுத்து. எம் பேரத்தான் ஏற்கெனவே எழுதிட்டியே," என்றாள் மூக்கம்மா. "இந்த வாட்டி உம் பேருல ஆரம்பி."