கனத்தானின் முதுகு

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டால் குற்றம் கொஞ்சம் குறையும் என்று நினைக்கிறேன் போலிருக்கிறது.

போன மாதம் ஒரு பழைய விஞ்ஞானப் படத்தின் கீறல்களை நீக்கி, ஒரு சிறிய அரங்கில் மறுபடி திரையிட்டார்கள். என் பெரியப்பா அந்தப் படத்தில் வேலை செய்தவர். வேற்றுக்கிரக நகரம், இரண்டு நிலாக்கள், பனிமூட்டத்திலிருந்து நடந்துவரும் அந்த உயிர், எல்லாவற்றையும் முதலில் தாளில் வரைந்து பிறகு பொருளாக ஆக்கியவர். அவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. இந்தத் திரையிடல் வரை நான் அந்தப் படத்தைக் கைப்பேசியில்தான் பார்த்திருந்தேன்.

பெரிய திரையில் பனியை விலக்கிக்கொண்டு அது வந்தது. ரசிகர்கள் அதற்கு வைத்த பெயர் கனத்தான். ஈர்ப்பு விசை அதிகமான கிரகத்தில் பிறந்தது என்பதால். ஓர் அடி வைக்கும். உடம்பு முழுவதும் அந்த அடிக்குள் இறங்கும். பிறகு மெல்ல மேலே வரும். மூன்றாவது அடியில் எனக்குத் தெரிந்துவிட்டது.

அது என் அத்தையின் நடை. பெரியப்பாவின் தங்கை, என் அப்பாவின் அக்கா.

படம் முடிவதற்குள் கதையின் முதல் வரியை மனதில் எழுதிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்:

[இங்கே ஒரு பத்தி இருந்தது. அத்தை கூடத்திலிருந்து சமையலறைக்குப் போவதை, நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து பார்த்து எழுதியது. நன்றாக வந்திருந்தது. எடுத்துவிட்டேன். காரணம் ஐந்தாம் பகுதியில் வரும்.]

இரண்டாவது தொடக்கம்:

பெரியப்பாவின் பட்டறை ஒரு பழைய கிடங்கு. தகரக் கூரை. நீள மேசையில் வேற்றுக்கிரக நகரம் நின்றது. பேனா மூடி, பற்பசை மூடி, சீப்பின் பற்கள், உடைந்த வானொலியின் உள்பாகங்கள். எல்லாவற்றையும் ஒட்டி ஒரே சாம்பல் நிறம் அடித்துவிட்டால் கோபுரங்கள். நிலாக்களைக் கண்ணாடியில் வரைந்தார். அந்தக் கண்ணாடியைக் கேமராவுக்கு முன்னால் நிறுத்தி, வானம் இருக்க வேண்டிய இடத்தில் நிலா விழும்படி நகர்த்துவார்கள். நகரமும் நிலாவும் சொன்னபடி கேட்டன.*

கனத்தான் கேட்கவில்லை. கறுப்புத் தாளில் வெள்ளை வண்ணத்தால் வரைந்தபோது அது பயங்கரமாக இருந்தது. கழுத்து இல்லை. பாறை போன்ற தோள். அதையே ரப்பரில் செய்து, உள்ளே ஓர் ஆளை விட்டு நடக்கச் சொன்னால், ரப்பருக்குள் ஓர் ஆள் நடந்தான். அவ்வளவுதான். இயக்குநர் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "பால் வாங்கப் போறவன் மாதிரி இருக்குய்யா."

(* சிறியதைப் பெரியதாகக் காட்ட, வேகமாகப் படமெடுத்து மெதுவாக ஓட்ட வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அளவுள்ள கோபுரம் சரிவதை நான்கு மடங்கு வேகத்தில் எடுப்பார்கள். பதினாறின் வர்க்கமூலம் நான்கு. ஓர் ஆள் நடப்பதை அப்படி எடுத்தால் கனம் வராது, சோம்பல்தான் வரும். நான் இயற்பியல் படித்தவள். இந்த மாதிரி வரிகளை எழுதும்போது எனக்குக் கூச்சம் வருவதில்லை. மனிதர்களை எழுதும்போதுதான் வருகிறது.)

3

இனி நான் எழுதியது இப்படிப் போகிறது.

அன்று மாலை அவர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். தங்கை தண்ணீர்ச் செம்போடு அறையைக் கடக்கிறாள். சிறு வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவள் இடது காலைக் கொஞ்சம் குட்டையாக்கிவிட்டுப் போயிருந்தது. தண்ணீர் தளும்பாமல் இருக்க அவள் ஒவ்வோர் அடியையும்...

அவர் பென்சிலை எடுக்கிறார். அவளுக்குத் தெரியாமல்...

இந்தத் 'தெரியாமல்' எங்கிருந்து வந்தது? யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. கதைக்கு ஒரு திருடர் தேவைப்பட்டார். பெரியப்பா வந்து மறுக்கப் போவதில்லை.

அத்தை மறுக்கலாம். அடுத்த அறையில்தான் இருக்கிறார். எனக்கு இங்கே வேலை கிடைத்ததிலிருந்து அவர் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "உக்காந்து பாக்குற வேலைல என்னை எவளும் ஜெயிச்சதில்ல" என்பார். அவருடைய இடது செருப்பின் குதிகால் மட்டும் தேயவே தேயாது.

எழுத ஆரம்பித்த நாள் அவர் கதவருகே வந்து நின்றார்.

"என்னடி, தட்டிக்கிட்டே இருக்க?"

"கதை அத்தை."

"யாரப் பத்தி?"

"பெரியப்பா படத்தப் பத்தி."

"அதுல நான் வர்றேனா?"

"இல்லையே."

"நல்லது" என்றார். "அப்படி வந்தா கொஞ்சம் ஒல்லியா எழுது."

4

கனத்தானின் முதுகைப் படத்தில் யாரும் பார்த்ததில்லை. அது எப்போதும் நம்மை நோக்கித்தான் வருகிறது. திரும்பிப் போகவேண்டிய இடத்தில் பனி மூடிவிடுகிறது. ரசிகர்களிடம் இதற்குப் பல விளக்கங்கள் உண்டு. முதுகில் ஜிப் இருந்தது என்பார்கள். ரப்பர் தீர்ந்துவிட்டது என்பார்கள். என் விளக்கம் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. அப்படியே தருகிறேன்:

'திரைக்காகச் செய்யும் மாதிரிகளைக் கேமரா பார்க்கும் பக்கம் மட்டுமே முழுமையாக முடிப்பார்கள். மறுபக்கம் வெறும் பலகையும் ஆணியும் ஒயரும்தான். கனத்தானும் அப்படித்தான். உலகம் பார்க்கும் பக்கம் மட்டும் முடிக்கப்பட்ட உயிர். என் அத்தையும்'

இங்கே நிறுத்தினேன். வாக்கியம் அழகாகப் போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் பயம் வந்தது.

முடிவும் தயாராக இருந்தது. படம் வெளியான நாள். அத்தை அரங்கில் உட்கார்ந்திருக்கிறார், தன் நடையைத் திரையில் பார்க்கிறார். சுற்றிலும் ஜனங்கள் அலறுகிறார்கள். விளக்கு எரிவதற்கு முன், யாரும் தன்னைப் பார்த்துவிடாதபடி, இருட்டிலேயே எழுந்து போய்விடுகிறார்.

பத்திரிகை ஆசிரியரிடம் தொலைபேசியில் இந்த முடிவை மட்டும் சொன்னேன். அவர் கேட்டார்:

"நெஜமா நடந்ததாம்மா?"

"கிட்டத்தட்ட சார்."

"அப்ப பேர மாத்திடுங்க. போதும்."

பெயரை மாற்றலாம். பெயரே இல்லாமலும் எழுதலாம், இதோ எழுதுகிறேன். நடையை எப்படி மாற்றுவது?

5

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். நேராகக் கேட்க எனக்கு வரவில்லை. சுற்றி வளைத்தேன்.

"அத்தை, அந்தப் படத்துல கனத்தானோட முதுக ஏன் காட்டல? ஜிப் தெரியும்னா?"

"ஜிப்பு பக்கவாட்டுலதானே இருந்துது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போட்டு விட்டதே நான்தானே. பாதியில சிக்கிக்கும். அந்த ஆளுக்குத் தொப்பை வேற."

பிறகு அவரே சொன்னார்.

"சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். அண்ணன் திடீர்னு, 'உன் நடையக் கொஞ்சம் குடுப்பியா'ன்னாரு. எனக்கு வந்துச்சு பாரு கோவம். தட்ட எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். ஒரு வாரம் மூஞ்சி குடுத்துப் பேசல. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். தெருவுல போறவன் வர்றவன் எல்லாம் கேக்காமலே எடுத்துக்குறான். இவரு ஒருத்தர்தான் கேக்குறாரு. சரின்னுட்டேன்.

"பட்டறைக்குப் போயி அந்த ஆளுக்கு எதிர்ல நடந்தேன். அவன் கண்ணாடி மாதிரி என்னப் பாத்துப் பாத்து நடந்தான். பாவம், ரப்பருக்குள்ள வேர்த்து ஊத்துது. தடுக்கிப் போயி அந்த நகரத்து மேலயே விழுந்தான். ரெண்டு கோபுரம் காலி." அத்தை சிரித்தார். "நான் அப்படி நடந்து ஒரு நாளும் விழுந்ததில்ல.

"ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். பின்னாடி இருந்து எடுக்கக் கூடாதுன்னு."

"ஏன் அத்தை?"

துண்டை உதறி மடித்தார். ஓரங்கள் சேரவில்லை. பிரித்து மறுபடி மடித்தார்.

"முன்னாடி நின்னு யாரும் என்னை மாதிரி நடந்து காட்டினதில்லடி. எல்லாம் முதுகுக்குப் பின்னாடிதான். பள்ளிக்கூடத்துல இருந்து. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பாங்க. கடைக் கண்ணாடியில எல்லாம் தெரியும்."

அடுத்த துணியை எடுத்தபடி, "கடைசியில அது திரும்பிப் போற மாதிரி வேணும்னு டைரக்டர் ஒத்தக் கால்ல நின்னான்" என்றார். "ஒத்தக் கால்ல நிக்கிறதுல என்னை ஜெயிக்க முடியுமா? அண்ணன் சண்ட போட்டுப் புகைய விட்டு மூடிட்டாரு."

"படம் பாத்தீங்களா?"

"மொத நாளே. அண்ணன் பக்கத்துல. ஜனம் அலறுச்சு. எனக்குப் பெருமையாத்தான் இருந்துது, பொய் சொல்ல மாட்டேன்."

"முடிஞ்சதும்?"

"முடிஞ்சதும் என்ன. எல்லாரும் போகட்டும்னு உக்காந்திருந்தேன். அண்ணனும் ஒண்ணும் கேக்காம உக்காந்திருந்தாரு. பெருக்குறவன் வந்து நிக்கிற வரைக்கும்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ எழுதுறதுல நான் வர்றேன், இல்ல?"

"ஆமா அத்தை."

"அண்ணன் கேட்டாரு" என்றார். குரலில் கோபம் இல்லை. "நீ கேக்கல."

மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் அறையைக் கடந்து போகும்வரை நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சுவரைப் பார்த்ததுகூட அவருக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டாம் பகுதியில் இருந்த அந்தப் பத்தி, பின்னாலிருந்து பார்த்து எழுதியது.

6

[இந்தப் பகுதி முதல் பகுதியில் இருந்திருக்க வேண்டும்.]

படம் முடிந்து வெளியே வந்தபோது ரசிகர்கள் கலையவில்லை. படிக்கட்டுக்குக் கீழே ஒருவர் பின் ஒருவராகக் கனத்தான் போல நடந்து காட்டினார்கள். இந்தப் படத்துக்கு வருகிறவர்களிடம் அது ஒரு பழக்கமாம். கேலி இல்லை. பிரியத்தோடுதான் செய்தார்கள். ஒருவருக்கும் சரியாக வரவில்லை.

நான் கூட்டத்தில் வாய் திறக்கவே தயங்குகிறவள். கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுவேன். யாரோ, "நீங்களும் வாங்க, சும்மா வாங்க" என்றார்கள்.

நடந்தேன். முதல் தடவையே வந்துவிட்டது. தினமும் வீட்டில் பார்க்கிறவள் இல்லையா.

கைதட்டினார்கள். "செமயா வருதுங்க உங்களுக்கு. எப்படிங்க?" என்று ஒருவர் கேட்டார். நான் சிரித்தேன். இன்னொரு முறை நடக்கச் சொன்னார்கள். இன்னொரு முறையும் நடந்தேன். ஒரு கூட்டம் எனக்குக் கைதட்டியது அதுதான் முதல் முறை. பேருந்தில் வீடு வரும்வரை உள்ளங்கை சூடாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டார்: "படம் எப்படிடி?" நன்றாக இருந்தது என்றேன்.

கதை பிறந்தது பனிமூட்டத்தில் அல்ல. அந்தப் படிக்கட்டுக்குக் கீழே.

7

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள் அத்தை முன்னால் போய் நின்று கேட்டேன். இதை எழுதலாமா, அச்சில் வரலாமா என்று. வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு போயும் குழறியது.

"முழுசா எழுதி முடி. படிச்சிட்டுச் சொல்றேன்."

"முழுசுமா?"

"பின்ன? பாதியக் காட்டி ஏமாத்தலாம்னு பாத்தியா?"

"வேணாம்னு சொன்னீங்கன்னா?"

"வேணாம்னா வேணாந்தான். வேற கதை எழுது. ஊர்ல கதைக்கா பஞ்சம்?"

ஆறாம் பகுதியை எடுத்துவிட்டுக் கொடுக்கலாம். கதை அப்போதும் நிற்கும். எடுத்தேன். திருப்பி வைத்தேன். மறுபடி எடுத்தேன். அது இல்லாத கதையில் நான் நல்ல பெண்ணாகத் தெரிந்தேன். பெரியப்பாவைச் சந்தேகப்பட்டு, தவறை உணர்ந்து, அத்தையிடம் பணிவாகப் போய் நின்றவள். கேமரா பார்க்கும் பக்கம் மட்டும் முடித்த ஒருத்தி. திருப்பி வைத்தேன்.

முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அத்தை படித்துவிட்டு, "எங்க, நடந்து காட்டு பாப்போம்" என்கிறார்; நான் நடக்கிறேன்; இருவரும் சிரிக்கிறோம். என்னை நானே மன்னித்துக்கொள்ள எழுதியது. அடித்துவிட்டேன். இன்னொன்றில் அவர் தாள்களைத் திருப்பித் தந்துவிட்டு, எப்போது வேறு இடம் பார்க்கப் போகிறாய் என்று கேட்கிறார். அதில் எனக்குத் தண்டனை கிடைத்துவிடுகிறது. கணக்குத் தீர்ந்துவிடுகிறது. அதையும் அடித்தேன்.

இப்போது எல்லாவற்றையும் அச்சிட்டு அவரிடம் கொடுத்திருக்கிறேன். இனி வரும் வரிகள் மட்டும் அவர் கையில் இல்லை. அடுத்த அறையில் தாள் புரளும் சத்தம் கேட்கிறது. "ஒல்லியா எழுதச் சொன்னா உடம்பப் பத்தியே எழுதல, பொழச்ச" என்று நடுவில் ஒரு குரல் வந்தது. அதன் பிறகு குரல் இல்லை. ஆறாம் பகுதிக்கு வந்திருக்க வேண்டும். தாளும் புரளவில்லை.

நாற்காலி நகர்கிறது. வருகிறார். அந்த ஓசையைத் தூக்கத்திலும் எனக்குத் தெரியும். என் மேசை சுவரைப் பார்த்தது. கதவு எனக்குப் பின்னால்.

அவர் சொன்னதை நான் எழுதப் போவதில்லை.

ஆனால் இது இப்போது உங்கள் கையில் இருக்கிறது. அப்படியானால் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும். அவர் சரி என்றிருக்கிறார். அல்லது, வேண்டாம் என்று சொல்லியும் நான் கொடுத்துவிட்டேன். இரண்டாம் பகுதிப் பத்தியை எடுத்தவள் நான். மூன்றாம் பகுதியில் செருப்பைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. அதுவும் பின்னாலிருந்து பார்த்ததுதான். எடுக்க மனம் வராமல் விட்டுவைத்தவளும் நான்.

இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். எது நடந்திருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். என் முதுகுக்குப் பின்னால் சொன்னாலும் சரி.