ராக்னாவின் அளவு

தோருப் தரையில் மண்டியிட்டு, நாற்காலியின் கைப்பிடிக்கும் ராக்னாவின் முழங்கைக்கும் நடுவே இரண்டு விரல்களை நுழைத்துப் பார்த்தார்.

"இன்னும் கை தொங்குதா?"

"தொங்குது. தோள்தான் தூக்கிப் பிடிச்சிட்டிருக்கு," என்றாள் ராக்னா. "நீங்க கொஞ்ச நேரம் உக்காந்து பாத்துட்டு எழுந்து போயிடுவீங்க. நான் நாள் பூரா இதுலதான் கிடக்கேன். உங்க நாற்காலியில குறை கண்டுபிடிக்க என்னை விட்டா ஆள் கிடையாது."

தோருப் சிரித்தார். ஜன்னலோரம் நின்றிருந்த அவள் கணவன் எஸ்பென் சிரிக்கவில்லை.

கோபன்ஹேகனில், அந்தக் குடியிருப்பின் பின்முற்றத்திலேயே எஸ்பெனின் மரப்பட்டறை இருந்தது. தோருப் நாற்காலிகளை வரைவார், எஸ்பென் செய்வான். நரம்பு நோயில் ராக்னாவின் கால்கள் ஓய்ந்துபோன பிறகு, இலையுதிர்காலக் கண்காட்சிக்கான நாற்காலிக்கு அவளிடமே அளவெடுக்கலாமா என்று தோருப் தயங்கித் தயங்கிக் கேட்டார். எஸ்பெனுக்குப் பிடிக்கவில்லை. அவள்தான் ஒப்புக்கொண்டாள். "சும்மாதானே உக்காந்திருக்கேன். அதுக்கு வேலைன்னு ஒரு பேராவது கிடைக்கட்டும்."

குளிர்காலம் முழுவதும் மாதிரிகளைச் செய்து மாடிக்குத் தூக்கி வந்தான் எஸ்பென். அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு மறுபடி கீழே கொண்டுபோய் இழைப்பான். முதுகுச் சட்டமும் கைப்பிடிகளும் ஒரே வளைவாக ஓட வேண்டும்; ஓக் மரத்தின் நாரோ அப்படி ஓடாது. தனித்தனித் துண்டுகளை, இரு கை விரல்களைக் கோத்ததுபோல் பல் வெட்டிச் சேர்த்து, இணைப்பு கைக்குத் தட்டுப்படாத வரை இழைத்தான். அவள் முதுகு எங்கே தாங்கலைத் தேடியதோ அங்கே சட்டம் அகன்றது. அவள் கை ஓயும் இடத்தில் கைப்பிடி தட்டையாக விரிந்தது. தொடையை அழுத்தாதபடி, பிரம்பு பின்னிய இருக்கையின் முன்விளிம்பு சற்றே தாழ்ந்தது. ஆனால் நாற்காலி அவளை நெருங்க நெருங்க அவள் உடம்பு விலகிக்கொண்டே போனது. போன மாதம் சரியாக இருந்த உயரம் இந்த மாதம் அதிகமாகிவிடும். எஸ்பென் விடாமல் கைப்பிடியைத் தாழ்த்திக்கொண்டே வந்தான். கோடையில் தோருப் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். "இதுக்கு மேல இறக்கினா வேற யாருமே உக்கார முடியாது எஸ்பென்." அவர் சொன்னது நியாயம்தான். எஸ்பென் இழைப்புளியைக் கீழே வைத்தான்.

கண்காட்சி தொடங்கியபோது ராக்னாவுக்குக் கழுத்தும் நிற்கவில்லை. படுத்த படுக்கையாகியிருந்தாள். அங்கே வந்தவர்கள் கைப்பிடியைக் குதிரையைத் தடவுவதுபோலத் தடவினார்கள். ஒரு பெண்மணி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "எனக்குன்னே அளந்து செஞ்ச மாதிரி இருக்கு," என்றாள். எஸ்பென் தொப்பியைக்கூட எடுக்காமல் மழையில் வெளியே போய்விட்டான்.

கண்காட்சி முடிந்ததும் நாற்காலியை வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

"என்னை உக்கார வை," என்றாள் ராக்னா.

தூக்கி உட்காரவைத்தான். தலை மார்பில் சாய்ந்தது. சோப்புத் தண்ணீரால் துடைத்துத் துடைத்து வழுவழுப்பாக்கிய மரத்தில் கை நிற்காமல் சறுக்கியது. இடுப்பு முன்னால் வழுக்க, அவன் முழங்காலை முட்டுக்கொடுத்து நிறுத்தினான்.

"நல்லா இருக்கு," என்றாள்.

"பொய் சொல்லாத."

"சரி. வலிக்குது. தூக்கு."

படுக்கையில் கிடத்தி வாயைத் துடைத்துவிட்டான். அவள் கண்கள் நாற்காலியை விட்டு நகரவில்லை.

"நீ உக்காரு."

"வேண்டாம் ராக்னா."

"நான் பாக்கணும்."

கால்கள் ஆடுகின்றனவா என்று சோதிக்க விளிம்பில் உட்கார்ந்திருக்கிறானே தவிர, அவன் அதில் சாய்ந்ததே இல்லை. இப்போது சாய்ந்தான். சட்டம் முதுகைத் தேடி வந்து பிடித்தது. முழங்கைகள் தாமாக இறங்கின. இத்தனை மாதம் அவளைத் தூக்கித் தூக்கி இறுகியிருந்த தோள் மெல்ல அவிழ்ந்தது. எங்காவது உறுத்தாதா என்று இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்தான். எங்கும் உறுத்தவில்லை.

"எங்கயாவது வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றான்.

"ம்."

அவளைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டிய நேரம் கடந்துகொண்டிருந்தது. கீழே முற்றத்தில் யாரோ சைக்கிளைச் சுவரில் சாத்தும் சத்தம் கேட்டது. எழுந்திருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது, உடம்பு எழவில்லை. விரிந்த கைப்பிடிகளின் மேல் இரண்டு கைகளும் மல்லாந்து கிடக்க அவன் உட்கார்ந்திருந்தான். ஒருக்களித்துக் கிடந்தபடி அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.