கரகரப்பு

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? அந்தக் கம்பெனியில் ராணுவத்துக்கான வாக்கி-டாக்கி என்றாலே அவள் கைவேலை என்று பேர் எடுத்தவள். நேற்று வேலைக்குச் சேர்ந்த சொந்தத் தங்கை, கடையில் கிடைக்கிற சில்லுகளை வைத்தே கையடக்க டிஜிட்டல் செட் ஒன்றைச் செய்து, அக்காவின் செட்டில் கால் விலைக்குத் தரலாம் என்று காட்டிவிட்டாள். சிப்பாய்க்கு ஒன்று கொடுக்கலாம் என்றதும் ராணுவத்துக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். போதாததற்கு, "எல்லாம் அக்காவைப் பாத்துக் கத்துக்கிட்டதுதான்" என்று சின்னவள் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பெரியவள் தாங்கியிருப்பாள்.

இன்று களச் சோதனை. குன்றுக்கு இந்தப் பக்கம் மேஜரோடு தங்கை. அந்தப் பக்கம், கேட்டுச் சொல்ல, அக்கா. அனுபவப்பட்ட காது வேண்டும் என்று முதலாளிதான் அவளை அனுப்பிவைத்தார். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை. செட் தேறினால் ஆர்டர் தங்கைக்கு. தேறாவிட்டால் பழையபடி அக்காவின் செட்டே.

டிரைவர் ஜீப்பை அணைத்துவிட்டு நிழல் தேடிப் போனான். பெரியவள் முட்புதர் ஓரமாக நின்று செட்டைக் காதில் வைத்தாள்.

"அக்கா, நான் பேசுறது கேக்குதா?"

பக்கத்தில் நின்று பேசுவதுபோல் இருந்தது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. பாவி, இவ்வளவு நன்றாகவா செய்து வைப்பாள்?

பெரியவள் பட்டனை அழுத்தினாள். "ஒரே கரகரப்பா இருக்கு. பாதி புரியல."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. டிஜிட்டல் செட்டில் கேட்டால் தெளிவாகக் கேட்கும். சிக்னல் போனால் பேச்சு துண்டு துண்டாகி நின்றுவிடும். கரகரப்பு பழைய செட்டின் வியாதி. காலமெல்லாம் அதோடு மாரடித்தவளுக்குப் பொய் சொல்லும்போதும் அதுதான் வாயில் வந்தது.

மறுபக்கத்தில் தங்கை பதில் சொல்லப் பட்டனை மறுபடி அழுத்தியிருந்தாள்போல. மேஜர் அவளிடம் பேசுவதும் செட்டில் வந்து விழுந்தது. "ஏம்மா, டிஜிட்டல்ல கரகரப்பு எப்படி வரும்?"

பெரியவள் செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இத்தனை வருஷத்துப் பேரும் இத்தோடு போச்சு.

"பக்கத்துல ஜீப் ஓடிட்டிருக்கும் சார், அந்தச் சத்தத்தைத்தான் சொல்றாங்க" என்றாள் தங்கை. "அக்கா காது தப்பா சொல்லாது." பிறகு குரலை உயர்த்தி, "அக்கா, ஜீப்பை நிறுத்திட்டியா?"

"நிறுத்தியாச்சு."

"இப்ப?"

"கேக்குது" என்றாள் பெரியவள். தங்கை காட்டிக் கொடுத்திருந்தால் ஒரேயடியாக வெறுத்துத் தொலைத்திருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாளே என்று ஆத்திரமாக வந்தது.

திரும்பும் வழியில் கம்பெனி வேனில் இருவரும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். அக்காதான் பேச்சை எடுத்தாள்.

"மேஜர்கிட்ட பேசுறப்ப பட்டனை விட மறந்துட்டே."

"மறக்கலக்கா" என்றாள் சின்னவள், ஜன்னலைப் பார்த்தபடியே. "நீ கேக்கணும்னுதான்."