பின்கண்ணாடியில் எங்கள் சொல்

அன்று கொமரலிங்கத்தில் ராசப்பன் வீட்டு வாசலில் இருந்தவர்கள்: ஆறுச்சாமியாகிய நான், என் மனைவி மாரக்காள், எங்கள் கடைசி மகன் கதிர்வேல், பெண்ணின் தகப்பனார் ராசப்பன், அவருடைய அக்கா சீனியம்மாள், பெண் தேஜஸ்ரீ. பேச்சு நடந்தபோது வேறு யாரும் இல்லை. அங்கே இல்லாதவர்கள்தான் இப்போது அதிகம் பேசுகிறார்கள் என்பதால் இதை முதலில் எழுதுகிறேன்.

கதிர்வேலுக்குத் தேஜஸ்ரீயைப் பிடித்திருந்தது; அவளுக்கும் அப்படியே. நாங்கள் போனது நிச்சயத்துக்கு நாள் குறிக்க. ஆனால் ராசப்பன் மனதில் ஒரு தயக்கம் இருந்தது. வேலம்பாளையத்தில் முன்பு கதிர்வேலுக்குப் பேசிய சம்பந்தத்தைக் கலைத்த பெண் வீட்டார், சொல் மாறியவர்கள் நாங்கள்தான் என்று ஊரெல்லாம் பரப்பி வைத்திருந்தார்கள்.

வீடு வீடாகப் போய் மறுப்பது எங்கள் குடும்பத்துக்கு அழகல்ல. திருப்பூரில் கார்களின் பின்கண்ணாடியில் எதைத்தான் எழுதவில்லை? சாமி, சாதி, கட்சி, பேரப்பிள்ளைகளின் செல்லப் பெயர்கூட இருக்கிறது. ஒழுக்கத்தை எழுதினால் பார்க்கிறவனுக்கும் நல்லது, எழுதியவனுக்கும் நல்லது என்று முடிவு செய்தேன். எங்கள் பனியன் கம்பெனியிலேயே அச்சு வேலை நடக்கிறது. 'சொல் மாறாத குடும்பம்' என்று அரையடி உயரச் சிவப்பு எழுத்தில் அச்சடித்து ஒட்டும்படி அச்சு மாஸ்டர் மாரிச்செல்வத்திடம் சொன்னேன். அன்று மாலை வந்திருந்த பங்காளிகள் முன்னிலையில், "என் உசுரு இருக்கற வரைக்கும் இதை ஒருத்தனும் உரிக்கக் கூடாது" என்று சொல்லியும் வைத்தேன்.

மறுநாள் காலையில் புறப்படும்போது கார் பின்பக்கம் சுவரை ஒட்டி நின்றது. உள்ளே ஏறித் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி போன்ற ஒட்டுத்தாளில் எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. எனக்கு மிகுந்த திருப்தி.

பல்லடம் தாண்டியதிலிருந்தே பின்னால் வந்தவர்கள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். மரியாதை என்று நினைத்து நானும் கையை உயர்த்தி ஏற்றுக்கொண்டேன்.

ராசப்பன் வீட்டு முன் இறங்கியதும் சீனியம்மாள் காரின் பின்பக்கம் போய் நின்றார். அவரும் தலையைச் சாய்த்தார்.

"ஏனுங்க, இது என்ன பாசைங்க?"

போய்ப் பார்த்தேன். அத்தனை எழுத்தும் இடம் வலமாகத் திரும்பிக் கிடந்தது.

பனியனில் எழுத்துப் பதிக்க, முதலில் தாளில் எழுத்தைத் திருப்பி அச்சடிப்பார்கள். சூடு வைத்துத் துணியில் அழுத்தினால் நேராக விழும். மாரிச்செல்வம் கண்ணாடிக்கும் அதே பழக்கத்தில் அடித்திருக்கிறான். காருக்குள் இருப்பவருக்கு நேராகத் தெரியும், ஊருக்குத் திரும்பித் தெரியும். கதிர்வேல் அவனுக்குப் போன் போட்டுக் கத்தினான். "துணியில அமுக்குனா நேரா விழும்லா, சின்ன மொதலாளி?" என்று மாரிச்செல்வம் கேட்டது எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது.

"சொல்லு மாறாதுன்னு எழுதி, எழுத்தே மாறிப் போச்சுங்களே!" என்று சீனியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

மாரக்காளும் விடவில்லை. "நீங்க கையக் கையக் காட்டறப்பவே நெனச்சனுங்க."

ராசப்பன் சிரிக்கவில்லை. "ஏற்கெனவே ஒரு பேச்சு இருக்குதுங்க. இப்ப இதையும் பார்த்துட்டு ஊருக்குள்ள சிரிப்பாங்க. அதை உரிச்சுப்போட்டு வாங்க, நாள் குறிக்கலாம்."

"உரிக்க முடியாதுங்க" என்றேன். "பங்காளிகளுக்கு முன்னால சொல்லிட்டனுங்க."

"அப்ப சொல்லு மாறாம இருக்கோணும்னா, மாறிக் கெடக்கற சொல்லை அப்படியே வெச்சுக்கோணுமாக்கும்?" என்றார் சீனியம்மாள்.

"ஆமாங்க."

"அப்பா!" என்று கதிர்வேல் பல்லைக் கடித்தான். நான் முதுகை வளைக்கவில்லை. உரித்தால் வேலம்பாளையத்தார் சொன்னது மெய்யாகிவிடும். உரிக்காவிட்டால் பையனுக்கு இந்தப் பெண் இல்லை. ராசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் திரும்பினார்.

அப்போதுதான் தேஜஸ்ரீ படியிறங்கி வந்தாள்.

"மாமா, நீங்க சொன்னது ஸ்டிக்கரை உரிக்கக் கூடாதுன்னுதானுங்க?"

"ஆமா கண்ணு."

"கண்ணாடியக் கழட்டக் கூடாதுன்னு சொல்லலீங்களே?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை.

"இவ நம்மளையே வித்துப்போடுவா ராசப்பா" என்றார் சீனியம்மாள், பெருமையாக. ராசப்பன் அப்போதுதான் சிரித்தார்.

உடுமலையில் இருந்து மெக்கானிக்கை வரவழைத்து, ஸ்டிக்கரோடு கண்ணாடியை முழுசாகக் கழற்றினோம். அதன் பிறகு உட்கார்ந்து நாள் குறித்தோம். திரும்பும்போது வழியெல்லாம் தூசி. மாரக்காள் சேலையைத் தலையில் போர்த்திக்கொண்டு, "எழுதாம இருந்திருந்தா காத்தாவது வராம இருந்திருக்கும்" என்று முனகினாள். கொள்கையை எழுதிக் காட்டுவது தவறென்று நான் இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் எழுதியது உள்ளே இருப்பவருக்கு நன்றாகத் தெரிகிறது என்பதற்காக வெளியே இருப்பவருக்கும் அப்படியே தெரியும் என்று இனி நினைக்க மாட்டேன். புதுக் கண்ணாடியில் ஒன்றும் எழுதவில்லை. பழையது மச்சு அறையில், உரிக்கப்படாமல் இருக்கிறது.

கொமரலிங்கத்தார் கல்லெறிந்து எங்கள் கார்க் கண்ணாடியை உடைத்து விரட்டினார்கள் என்று சோமனூர் வரைக்கும் பேச்சு போயிருக்கிறது. யாரும் கல்லெறியவில்லை. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. நாங்கள்தான் கழற்றினோம்.