உள்ளேயிருந்து திறக்காத கதவு

நீதிமன்ற வாசலில் நின்று வழக்குகளைக் கூப்பிடும் டவாலிக்கு அங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு: வராந்தா ஜட்ஜ். உள்ளே இருக்கும் நீதிபதி தீர்ப்பு எழுத ஆறு மாதமோ ஆறு வருடமோ ஆகும். இவர் காலை பத்தேகால் மணிக்கு வராந்தா பெஞ்சுகளை ஒரு நோட்டம் விட்டதுமே முடிவைச் சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருட அனுபவம். யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் யாருக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டுகிறார்கள், யார் யாரைப் பார்க்காத மாதிரி பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

சந்தேகம் அவரோடு கூடவே பிறந்தது. அழுகிற சாட்சியைக் கண்டால், "நல்லா ஒத்திகை பாத்துட்டு வந்திருக்காங்க" என்பார். அழாத சாட்சியைக் கண்டால், "கல்லு மாதிரி நிக்கறதப் பாரு, உள்ள ஏதோ இருக்கு" என்பார். வீட்டில் மனைவி, "இன்னைக்கு சீக்கிரம் வருவீங்களா?" என்று கேட்டால்கூட, எதற்காகக் கேட்கிறாள் என்று பஸ் ஏறும்வரை யோசிப்பார்.

ஆனால் ஆள் கடத்தல் வழக்கு என்றால் மட்டும் அவருக்குச் சந்தேகமே வராது. அவர் கணக்கில், வருகிற கடத்தல் வழக்குகளில் பாதி, மகள் தனக்குப் பிடித்தவனோடு போய்விட, பெற்றவர்கள் ஆத்திரத்தில் எழுதிக் கொடுத்தவை. மகள் கூண்டில் ஏறி, "நானாத்தான் போனேன்" என்பாள், வழக்கு முடிந்துவிடும். இன்னும் சிலவற்றில் புருஷன் பெண்டாட்டி சண்டையில் அப்பனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பான். அதுவும் சொந்தபந்தம் கூடிப் பேசி முடிந்துவிடும். நடுநடுவே நிஜமான கடத்தலும் வரும். வேடிக்கை என்னவென்றால், அதுவும் அப்படியேதான் முடியும். சாட்சி கூண்டில் ஏறி, "இவரை எனக்குத் தெரியாது. போலீஸ் எழுதினதுல கையெழுத்துப் போட்டேன்" என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கிப் போய்விடுவார். ஏன் அப்படிச் சொன்னார் என்று வராந்தாவில் ஒருவரும் கேட்பதில்லை. நமக்கென்ன வந்தது என்பதுதான் அந்த வராந்தாவின் எழுதாத சட்டம்.

அன்றைக்கும் பட்டியலில் ஒரு கடத்தல் வழக்கு இருந்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் வழக்கு. எட்டு மாதத்துக்கு முன்னால், மர மில் முதலாளியின் மகன் அவளைப் பெண் கேட்டு, அவள் மாட்டேன் என்றாள். ஒரு வாரம் கழித்து, வேலை முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தவளை அவன் ஒரு வெள்ளைக் காரில் இழுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டான். கல்யாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு என்று மில்லுக்குப் பின்னால் ஒரு அறையில் இரண்டு நாள் அடைத்து வைத்திருந்தான். மூன்றாம் நாள் காலை பால்காரர் கதவைத் தட்டித் திறக்க வைத்த நேரத்தில் அவள் தப்பி ஓடிவந்தாள். இதுதான் புகார்.

"இதுவும் காதல் கேசுதான்யா. சண்டை போட்டுட்டுத் திரும்பி வந்திருக்கும். இன்னைக்குப் பல்டி அடிக்குதா இல்லையா பாரு. ஒரு டீ பந்தயம்" என்றார் டவாலி. வராந்தா ஓரத்தில் மனுக்கள் அடித்துக் கொடுக்கும் டைப்பிஸ்ட்டிடம்தான் சொன்னார்.

"போன மாசம் நான் தோத்த டீயே பாக்கி இருக்கு" என்றார் டைப்பிஸ்ட், விசையிலிருந்து விரலை எடுக்காமல்.

அப்போதுதான் அந்தக் கார் வளாகத்துக்குள் வந்தது. வெள்ளைக் கார். அதன் எண்ணை டவாலி மறக்க வழியில்லை. போலீஸ் பிடித்துக் காவல் நிலையத்தில் வைத்திருந்த அந்தக் காரை ஜாமீன் எழுதி வாங்கி உரிமையாளரிடமே திருப்பித் தரலாம் என்று உத்தரவு வாசித்தபோது, கதவோரம் நின்று கேட்டவர் அவர். முன்கதவைத் திறந்துகொண்டு, துணிப்பையும் குடையுமாகப் பெண்ணின் அம்மா இறங்கினார். ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுக்கும் தையல்காரம்மா. ஓட்டி வந்தவர் குற்றம் சாட்டப்பட்டவனின் தாய்மாமன்.

"பாத்தியா? கடத்தின வண்டியிலயே கோர்ட்டுக்கு வந்தாச்சு! சம்பந்தி ஆயிட்டாங்க போல. டீ எடு" என்று டவாலி வாய்விட்டுச் சிரித்தார்.

சிரித்த வாய் மூடுவதற்குள் கண் வேறொன்றைப் பார்த்துவிட்டது. பின்சீட்டில் அந்தப் பெண் இருந்தாள். கதவின் கைப்பிடியை இழுத்தாள். திறக்கவில்லை. மறுபடி இழுத்தாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். தாய்மாமன் வெளியே நின்று போனில் யாரிடமோ சாவகாசமாகப் பேசி முடித்தார், வேட்டியைச் சரிசெய்தார், சுற்றி வந்து கதவை வெளியிலிருந்து திறந்துவிட்டார்.

இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று டவாலி யோசித்தார். ஜாமீன் மனு விசாரணையில் அரசு வக்கீல் வாசித்த புகாரில் ஒரு வரி வரும்: 'இரண்டு முறை கைப்பிடியை இழுத்தேன், கதவு உள்ளேயிருந்து திறக்கவில்லை.' பின்சீட்டுக் குழந்தைகள் கதவைத் திறந்துவிடாமல் இருக்கப் போடும் பூட்டு அது. அந்த வண்டியில் இன்றைக்கும் அதை யாரும் எடுத்துவிடவில்லை. காதலித்துச் சமாதானமான பெண்ணையா இப்படிப் பூட்டிக் கூட்டிவருவார்கள்?

தண்ணீர்க் குழாயடியில் தையல்காரம்மா தனியாக நின்றபோது அவர் மெல்ல அருகே போனார்.

"ஏம்மா, அந்த வண்டியிலயா வந்தீங்க?"

"காலைல வாசல்ல கொண்டாந்து நிறுத்திட்டாங்கண்ணே. நாங்க பஸ்ல வந்துக்கறோம்னு சொன்னேன். சின்னவ எந்த ஸ்கூல்ல படிக்கறான்னு கேட்டாங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் கேட்டாங்க. நாங்க ஏறிட்டோம்."

டவாலி அந்த வெள்ளைக் காரைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாவோ, பையின் காதைத் திருகிக்கொண்டே, கோபமில்லாமல், சாதாரணமாகச் சொன்னார்: "முதல் வாய்தாவுக்கு வந்தப்ப நீங்கதானேண்ணே சொன்னீங்க? இந்த மாதிரி கேசெல்லாம் இப்படித்தான் முடியும், சும்மா அலையாம சமாதானமாப் போயிடுங்கன்னு. கோர்ட்டுல இருக்கறவரே சொல்றாரேன்னு நானும் இவகிட்ட அதையே சொல்லிட்டேன்."

சொன்னது நிஜம். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை பேரிடம் சொன்னாரோ, அவருக்கே கணக்கில்லை. எல்லோரையும் சந்தேகப்பட்ட மனிதர், தன் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வார்த்தையை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. அவருக்கு அவமானமாக இருந்தது.

வழக்கை அழைக்கும் நேரம் வந்தது. வழக்கமாக வராந்தா அதிரக் கூப்பிடுபவர் அன்று கதவோரம் நின்று மெல்லக் கூப்பிட்டார். பெண் சாட்சிக் கூண்டில் ஏறினாள். ஜாமீனில் வெளியே இருந்த மில் முதலாளியின் மகன் எதிர்க் கூண்டில் நின்றான். தாய்மாமன் முன்வரிசையில் வந்து உட்கார்ந்து, கார்ச் சாவியை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தார். வழக்குக் கட்டுகளுக்கு நடுவே களைத்துப்போயிருந்த அரசு வக்கீல், "அன்னைக்கு என்னம்மா நடந்தது?" என்று கேட்டார்.

பெண்ணின் கண் சாவியிலேயே இருந்தது. "நானா..." என்றாள். நிறுத்தினாள். "நானாத்தான்..."

"அம்மா, ஒரு நிமிஷம்!"

கதவோரத்திலிருந்து வந்த குரல். நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "உங்களை யார் கேட்டா?"

"யாரும் கேக்கலம்மா. இருபத்திரண்டு வருஷமா யாரும் கேக்கல, நானும் சொல்லல. இந்தப் பொண்ணு இன்னைக்கு எந்த வண்டியில வந்துச்சுன்னு மட்டும் கேளுங்கம்மா. அப்புறம் என்னை என்ன வேணா பண்ணுங்க."

எதிர்த் தரப்பு வக்கீல் துள்ளி எழுந்து ஆட்சேபித்தார். "எதுல வந்தாங்கன்னு கேக்கறதுல உங்களுக்கு என்ன ஆட்சேபணை?" என்ற நீதிபதி, பெண்ணின் பக்கம் திரும்பினார். "எதுல வந்தேம்மா?"

"அதே கார்ல."

"எந்தக் கார்ல?"

"என்னைத் தூக்கிட்டுப் போன கார்லம்மா." சாவி சுழல்வது நின்றது. "அதே பக்கத்துக் கதவுதான். இன்னைக்கும் உள்ளேருந்து திறக்கலம்மா."

நீதிபதி தாய்மாமனை வெளியே போய் உட்காரச் சொன்னார். கதவைத் திறந்துவிட்டது டவாலிதான். அதற்கப்புறம் அந்தப் பெண் ஒரு மணி நேரம் பேசினாள். தங்கையின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டதையும் சொன்னாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். சாட்சியை மிரட்டியதற்காக ஜாமீனை ரத்து செய்ய மனுப் போடுங்கள் என்று அரசு வக்கீலிடம் சொல்லிவிட்டு, காரைத் திரும்பப் பறிமுதல் செய்யவும், அம்மாவையும் மகளையும் பாதுகாப்போடு வீட்டில் விடவும் நீதிபதி உத்தரவிட்டார். கடைசியாக டவாலியைப் பார்த்து, "இனிமே குறுக்க பேசினா மெமோ" என்றார். முகத்தில் கோபம் இல்லை.

வழக்கு இன்னும் முடியவில்லை. குறுக்கு விசாரணை இருக்கிறது, தீர்ப்பு எப்படி வருமோ தெரியாது. ஆனால் மதியம் பெண் போலீஸோடு வண்டியில் ஏறிய அந்தப் பெண், உட்கார்ந்ததும் முதலில் கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். கதவு திறந்தது. திரும்ப அவளே மூடிக்கொண்டாள்.

"யோவ், பல்டி அடிக்கலையே! டீ உன் கணக்குலதான்" என்றார் டைப்பிஸ்ட்.

"வாங்கித் தர்றேன். ஆனா இதுதான் கடைசி டீ. இனிமே பந்தயம் கிடையாது" என்றார் டவாலி. வண்டி வாசலைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"ஒரு ஆளை வண்டியில தூக்கிப் போட்டுட்டுப் போறது மட்டும் கடத்தல் இல்லய்யா. உண்மையைச் சொல்ல வந்தவங்களைக் கோர்ட்டு வாசல்லயே திருப்பி அனுப்பறதும் கடத்தல்தான். 'எல்லாம் இப்படித்தான் முடியும்'னு சொல்லிச் சொல்லி, அந்தக் கதவை இத்தனை வருஷமா வெளியேருந்து பூட்டிக்கிட்டு நின்னவங்கள்ல நானும் ஒருத்தன்."