கிளியாகிப்போன அன்னம்

செம்பூர் அடுக்குமாடி சொசைட்டித் தோட்டத்தில் காலை எட்டு மணிக்கே பிள்ளைகள் போட்ட கூச்சலைக் கேட்டு, முதல் மாடி பால்கனியில் ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஷ்யாமளா எட்டிப் பார்த்தாள். "அரே, யே தோ ஹன்ஸ் ஹை! கிளி இல்லடா, அன்னம்டா!" என்று ஒரு வாண்டு குதித்துக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். தோட்டத்து நடுவிலே ஒரு நீரூற்று. அதன் உச்சியில் வெள்ளைச் சிமெண்டில் ஓர் அன்னம். பதினோரு வருஷமாகப் பாசி ஏறி ஏறி அந்த அன்னம் பச்சைப் பசேல் என்று ஆகிவிட்டதால், பிள்ளைகள் அதைக் கிளி என்றே நினைத்துவிட்டார்கள். பாவம், பிறந்ததிலிருந்து பார்த்தது அதைத்தானே! அந்தப் பதினோரு வருஷமும் தோட்டத்துக்குப் பொறுப்பு ஷ்யாமளா மாமிதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாமி சும்மா இருந்துவிடவில்லை. தண்ணீர் பச்சையானால் ப்ளீச்சிங் பவுடரைக் கை கையாக அள்ளிப் போடுவாள். இரண்டு நாள் தெளிந்திருக்கும், நாலாம் நாள் மறுபடியும் பச்சைக் குழம்பு. பக்கத்திலிருந்த குரோட்டன்ஸ்தான் கருகும். யாராவது கேட்டால் வெயில் ஜாஸ்தி என்பாள், முனிசிபாலிட்டித் தண்ணீர் சரியில்லை என்பாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! பொறுத்துப் பொறுத்துப் பார்த்த செக்ரட்டரி கேஷவ், போன மாதம் தாராவியிலிருந்து சஃபீனாவைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

சஃபீனாவுக்கு வயது நாற்பதைத் தொடும். அவள் வாப்பா கடையநல்லூரிலிருந்து வந்து போட்ட மோட்டார் பம்ப் பட்டறையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். அவள் மாயமும் பண்ணவில்லை, மந்திரமும் பண்ணவில்லை. தொட்டியைச் சுத்தமாக வடித்தாள். வினிகர் கலந்த தண்ணீரைத் தொட்டு, நார் பிரஷ்ஷால் இண்டு இடுக்கு விடாமல் தேய்த்தாள். கரண்டை மிச்சம் பிடிக்கச் சாயங்காலம் மட்டும் ஓடிக்கொண்டிருந்த பம்பைப் பகல் முழுக்க ஓடவிடச் சொன்னாள். வெயில் நேராக விழாதபடி, தண்ணீர் தெறிக்காத ஓரமாக, இலை படரும் அல்லி வைத்தாள். சாமிக்குச் சார்த்திய பூ, பிஸ்கட் தூள், காய்ந்த இலை எதுவும் உள்ளே விழக்கூடாது என்று வாட்ச்மேனிடம் கண்டித்துச் சொன்னாள். வாரா வாரம் வந்து, பம்பில் அழுக்கை வடிகட்டும் ஸ்பாஞ்சைக் கழுவிப் போட்டாள்.

"பாசிக்கு வெயிலும் தீனியும் வேணும். ரெண்டையும் நாம குடுக்கலேன்னா அது எங்கிட்டு வளரும்?" என்றாள். அவ்வளவுதான் அவள் வித்தை.

சொசைட்டி வாட்ஸப் குரூப்பில் ஒரே பாராட்டு. எல்லோரும் அன்னத்தோடு நின்று செல்பி எடுத்தார்கள். அதையெல்லாம்கூட மாமி மென்று முழுங்கிவிட்டாள். ஆனால், முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் வைத்த சாம்பாரை நன்றாக இருக்கிறது என்று சொல்லாத அவள் கணவர் பஞ்சு, பால்கனியில் நின்று காபியை உறிஞ்சியபடி, "என்ன கைராசி பாத்தியோ அந்தப் பொண்ணுக்கு! கண்ணாடியாட்டம்னா இருக்கு தண்ணி!" என்றாரே, அதை அவளால் முழுங்க முடியவில்லை.

"ஆமாமா, இத்தனை நாள் நான் புல்லு பிடுங்கிண்டிருந்தேனாக்கும்" என்று டம்ளரை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போனாள்.

அன்று முழுக்க அவளுக்கு வயிறு எரிந்தது. பட்டறையில் கிரீஸ் பிசைகிற கைக்கு இத்தனை பேரா? சஃபீனா தேய்த்துத் தேய்த்து வெளுத்த அந்த அன்னம், பால்கனிக்கு வரும்போதெல்லாம் தன்னைப் பார்த்தே சிரிப்பதாகத் தோன்றியது. போதாக்குறைக்குக் கேஷவ் வந்து இன்னொரு சேதி சொன்னான்.

"மாமி, நெருள் ஏரியால ஒரு பெரிய சொசைட்டி இருக்கு. அங்க ஆறு ஃபவுண்டன். நம்மளோடத பார்க்க அடுத்த சண்டே ஆளு வராங்க. பிடிச்சா மொத்த வேலையும் சஃபீனாவுக்குத்தான். பாவம், அவளுக்கு லைஃபே செட் ஆயிடும்!"

சண்டே வரைக்கும் ஆறு நாள் இருந்தது.

ரோஜாவுக்கென்று மாமி ஒரு பக்கெட்டில் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்திருப்பாள். நாலு நாள் புளித்தால் அந்த நாற்றம் மூக்கைத் துளைக்கும், ஆனால் செடிக்கு அமிர்தம். செடிக்கு அமிர்தமென்றால் பாசிக்கும் அமிர்தம்தானே? மறுநாள் விடியற்காலை பால் பாக்கெட் வாங்கப் போகிற சாக்கில், ஒரு தூக்குப் பாத்திரம் நிறையப் புண்ணாக்குத் தண்ணீரை நீரூற்றில் கொட்டினாள். சுற்றுமுற்றும் மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை. அடுத்த நாள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கடுத்த நாள் இரண்டு தூக்கு.

வியாழக்கிழமை தண்ணீர் லேசாகப் பச்சை காட்டியது. சனிக்கிழமை அன்னத்தின் கழுத்துவரை வழவழவென்று பாசி. "கிளி வாபஸ் ஆ கயா! திரும்பி வந்துடுச்சுடா!" என்று பிள்ளைகள் கைதட்டினார்கள். மாமி அன்று காலை இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேஷவ் போன் பண்ணிக் கத்தியதில் சஃபீனா அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். மத்தியான வெயிலில் ஒற்றை ஆளாகத் தேய்த்தாள். மாமி பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் சஃபீனா, முழங்கைவரை ஈரமாக.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க மாமி."

தண்ணீரைக் குடித்து முடித்தவள் பால்கனிப் பக்கம் பார்த்தாள். மூடி போட்ட பக்கெட்டையும் பார்த்தாள். மூடி போட்டால் மட்டும் நாற்றம் நின்றுவிடுமா? பிறகு தன் பையிலிருந்து பம்பின் ஸ்பாஞ்சை எடுத்துக் காட்டினாள். அதன் துளையெல்லாம் பழுப்பாகக் கப்பி அடைத்திருந்தது. அதே நாற்றம்.

"இது கடலைப் புண்ணாக்கு மாமி. யாரோ செடிக்கு நல்லதுன்னு நெனச்சு உள்ள ஊத்துதாவ போல. தெரிஞ்சவங்களா இருந்தா, வேண்டாம்னு சொல்லிருங்க."

மாமி வாசல் கதவை லேசாகச் சாத்தினாள். "கேஷவ்கிட்ட… சொல்லலியா?" என்று எப்படியோ கேட்டுவிட்டாள்.

சஃபீனா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை. "நான் சொன்னா யாரு நம்புவா? பதினோரு வருஷமா இங்க இருக்கவங்க சொல்லுக்கு முன்னால, தாராவியிலேருந்து வந்தவ சொல்லு நிக்குமா மாமி? வேலை தெரியாதவ சாக்குச் சொல்லுதான்னுதான் சொல்லுவாங்க. இன்னிக்கு முடிஞ்சமட்டும் தேய்க்கேன். நாளைக்கு அல்லா விட்ட வழி."

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். மாமிக்கு அன்று சாதம் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நெருள்காரர் வந்தார். நம்பிராஜன் என்று பெயர், நரைத்த மீசை. சஃபீனா என்னதான் தேய்த்திருந்தாலும், உள்ளே கலந்திருந்த புண்ணாக்கு ஒரே ராத்திரியில் தண்ணீரை மறுபடி பச்சையாக்கியிருந்தது. அன்னத்தின் வாலைத் தொட்டுப் பார்த்த நம்பிராஜன், விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"ஆரம்பத்துல ஏக்தம் நல்லாத்தான் பண்ணா சார்," என்றான் கேஷவ், சஃபீனா பக்கத்தில் நிற்கிறாளே என்ற கூச்சம்கூட இல்லாமல். "பேரு வந்ததும் அலட்சியமாயிட்டா. நாங்களே வேற ஆளு பார்க்கப் போறோம்."

கீழே வந்து கொஞ்சம் தள்ளி நின்றிருந்த மாமி ஆசைப்பட்ட வார்த்தை அதுதான். ஐந்து நாளாக எதற்குத் தூக்கு தூக்கினாளோ, அது நடந்துவிட்டது. ஆனால் சஃபீனா மாமியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, பிரஷ்ஷைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். ஜிப் சிக்கிக்கொண்டது. அதை இழுத்த அவள் விரல் நுனியெல்லாம் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்து சிவந்திருந்ததை மாமி பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

நம்பிராஜன் கேட்டை நோக்கி நடந்தார்.

"சித்த நில்லுங்கோ!"

எல்லோரும் திரும்பினார்கள். மாமி இரண்டடி முன்னால் வந்தாள்.

"அவ அலட்சியமா இருக்கலை. நான்தான் தெனம் கார்த்தால புண்ணாக்குத் தண்ணியைக் கொண்டுவந்து கொட்டினேன். எங்காத்து பால்கனியில பக்கெட் இருக்கு, போய்ப் பாருங்கோ."

"மாமி, நீங்களா? எதுக்கு?" என்றான் கேஷவ்.

"எதுக்கா? பதினோரு வருஷமா என்னால முடியாததை அவ ஒரு மாசத்துல பண்ணிட்டா. பொறாமை, வேற என்ன? நேத்திக்கே அவளுக்குத் தெரியும். தெரிஞ்சும் என்னைக் காட்டிக்கொடுக்கலை, சொன்னா நீங்கள்லாம் நம்பமாட்டேள்னு. நெஜம்தானே? அவளை ஒரு வார்த்தை கேட்டியோ நீ?"

கேஷவ் தலையைக் குனிந்துகொண்டான். பால்கனியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பஞ்சு, கையிலிருந்த பேப்பரை மெதுவாக மடித்தார். நம்பிராஜன் திரும்பி வந்து, சஃபீனா கையிலிருந்த பையைப் பார்த்தார். "அப்போ இதைச் சுத்தம் பண்ண எத்தனை நாள் ஆகும்மா?" என்று கேட்டார்.

"தண்ணிய மாத்தி, ஸ்பாஞ்ச கழுவிப் போட்டா நாலு நாள் சார்."

"சரி, வியாழக்கிழமை வரேன். அதுக்குள்ள வேற யாரையும் பார்க்கலை."

அவர் போனதும், மாமி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, இன்னொரு பிரஷ்ஷைக் கேட்டு வாங்கித் தொட்டிக்குள் இறங்கினாள். வழுக்கியது. சஃபீனா சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் தேய்த்தார்கள். தேய்க்கத் தேய்க்க அன்னத்தின் ஒரு பக்கச் சிறகு வெளுத்துக்கொண்டு வந்தது.

"சஃபீனா, நீ தோத்துட்டா நான் ஜெயிச்சுடுவேன்னு நெனச்சேன். கடைசியில என் தோட்டத்துத் தண்ணியைத்தான் நாற அடிச்சேன்," என்றாள் மாமி, தலையை நிமிர்த்தாமலே. "மறுபடியும் வராம இருக்க என்ன பண்ணணும்? பாசியைச் சொல்லலை. மனசுல வந்ததே, அதைச் சொல்றேன்."

சஃபீனா நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டுக்கும் ஒரே வைத்தியம்தான் மாமி. வாறத நம்மால நிறுத்த முடியாது. வந்தா, தீனி போடாம இருங்க. தானா காஞ்சு போயிரும்."